ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டியவர்கள்

எட்டாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை தேர்வன்று வராவிட்டால், மேலே போகும் பட்டியலில் அந்தப் பள்ளி ஒன்பது விழுக்காடு கீழே இறங்கிவிடும். அடுத்த ஆண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் ஒரே வகுப்பில் அமைந்துவிட்டால் அதே பள்ளி ஒன்றியத்தில் முதலிடத்துக்கு வரும். இரண்டு ஆண்டும் பாடம் நடத்தியவர்கள் அதே ஆசிரியர்கள்தான். கரும்பலகையும் அதேதான். சின்னப் பள்ளியின் தரத்தை விழுக்காட்டில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வருகிறவர்கள் முதலில் தலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தின் மேற்கே, காவிரிக் காட்டை ஒட்டிய மேட்டு நிலத்தில் இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில்தான் என் பணிக்காலம் கழிந்தது. கணிதப் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்து, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக 2024இல் ஓய்வு பெற்றேன். வெளியில் யாரும் அதிகம் பேசாத பள்ளி வகை இது. தொடக்கப் பள்ளிக்குத் திட்டங்கள் வரும். உயர்நிலைப் பள்ளிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும்போது செய்தித்தாள்காரர்கள் வருவார்கள். நடுவில் இருக்கிற ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளில் என்ன நடக்கிறது என்று எங்களைத் தவிர யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கம் மானாவாரி பூமி. ராகி, சாமை, நிலக்கடலை, துவரை. மழை ஏமாற்றினால் அப்பா பெங்களூருக்குக் கம்பி கட்டப் போவார், இல்லையென்றால் குடும்பமே திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடும். பொங்கல் முடிந்து பேருந்து ஏறினால் ஜூனில்தான் திரும்புவார்கள். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போவதும் உண்டு. பிப்ரவரி தொடங்கினால் புளி. வீட்டுத் திண்ணையெல்லாம் புளி தட்டும் சத்தம் கேட்கும். பிள்ளைகளின் விரல் நகத்தில் புளிக்கறை ஏறியிருப்பதைப் பார்த்தே யார் வீட்டில் வேலை ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். சில கொட்டாய்களில் (எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில்) வீட்டுப் பேச்சு தெலுங்கு, சிலவற்றில் கன்னடம். பள்ளிக்கு வந்துதான் தமிழ் எழுத்தைப் பார்ப்பார்கள்.

ஆறாம் வகுப்புக்கு எங்களிடம் இரண்டு வழியாகப் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் எங்கள் ஐந்தாம் வகுப்பிலிருந்தே மேலே ஏறுகிறவர்கள். மீதிப் பேர் சுற்றுக் கொட்டாய்களில் உள்ள தொடக்கப் பள்ளிகளில் படித்து வருகிறவர்கள். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்பது கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. அந்த மூன்று கிலோமீட்டரைப் புதர்க்காட்டு வழியில் நடந்து வரும் பத்து வயதுப் பெண் குழந்தைக்கு அது என்ன தூரம் என்பதை நடந்து பார்த்தால்தான் தெரியும்.

உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் “நடுநிலைப் பள்ளியில் ஒன்றும் சொல்லித் தரவில்லை” என்பார். நடுநிலைப் பள்ளியில் “தொடக்கப் பள்ளியில் எழுத்தே வரவில்லை” என்போம். தொடக்கப் பள்ளியில் “வீட்டில் கவனிப்பதில்லை” என்பார்கள். ஒன்று முதல் எட்டு வரை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் நடுநிலைப் பள்ளிக்கு இப்படிப் பழியை வெளியே தள்ளுவதில் நியாயம் கிடையாது. ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டும் பிள்ளைகளில் பலர் நேற்றுவரை அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அதனால் நான் தலைமையாசிரியையான பிறகு ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பேச்சை நிறுத்திவிட்டோம்: யார் விட்டது என்ற பேச்சு. இப்போது இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் பேசினோம்.

அதைத் தெரிந்துகொள்ளும் வழி மிக எளிது. ஜூன் முதல் வாரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தாழ்வாரத்துக்கு அழைப்பேன். மற்ற பிள்ளைகள் பார்க்கும்படி வைக்கக் கூடாது. பார்த்தால் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் குரல் போய்விடும். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி, பிறகு ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகும். ‘அசர்’ அறிக்கைக்காக நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று எடுக்கும் சோதனையும் ஏறக்குறைய இதுதான்: இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தி, மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுத்தல். அதற்குக் கருவியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். கேட்பதற்கு ஓர் ஆள் பொறுமையாக உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாலான ஆண்டுகளில் வகுப்பில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் அந்தப் பத்தியில் தடுக்கி நின்றார்கள். எங்கே தடுக்குகிறது என்று காது கொடுத்துக் கேட்டால் ஓர் ஒழுங்கு தெரியும். கா, கி, கு வரை ஓடும் பிள்ளை கெ, கே வந்ததும் நிற்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கண் இடமிருந்து வலம் போக, நாக்கு வலமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கொ, கோ என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால். இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். ‘கோழி’ என்று படம் பார்த்துச் சொல்லும் பிள்ளை ‘கோபுரம்’ என்ற சொல்லில் படம் இல்லாததால் விழுந்துவிடும். இந்த இடத்தை ஒன்றாம் வகுப்பில் யாராவது பத்து நாள் நின்று நடத்தியிருந்தால் சரியாகியிருக்கும். அந்தப் பத்து நாளில் பிள்ளை சூளையில் இருந்திருக்கும்.

கணக்கிலும் அப்படித்தான். 408ஐ 4ஆல் வகுக்கச் சொன்னால் பிள்ளைகளில் பாதிப் பேர் 12 என்று எழுதுவார்கள். நான்கில் நான்கு ஒரு முறை, எட்டில் நான்கு இரண்டு முறை, நடுவில் இருக்கும் சுழியத்தைக் கண் தாண்டிவிடும். இதைத் தவறு என்று சிவப்பு மையில் சுழித்துப் பயன் இல்லை. நானூறு ரூபாயை நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டால் அதே பிள்ளை உடனே நூறு என்று சொல்லும். சந்தையில் அம்மாவுக்குச் சில்லறை கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பிள்ளை அது. “அப்போ பன்னெண்டு எப்படிக் கண்ணு வரும்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். யோசிக்கும், சிரிக்கும், தானே அழித்து எழுதும். இந்த ஒரு கணக்குக்காக ஒரு பாடவேளை முழுவதும் செலவழித்திருக்கிறேன், அதை வீண் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆனால் பாடநூல் காத்திருக்காது. 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்புக் கணக்கு முதல் பருவத்திலேயே இயற்கணித அறிமுகமும் விகிதமும் விகித சமமும் வந்துவிட்டன. நல்ல புத்தகங்கள்தான். தாளும் படமும் பயிற்சிகளும் பழைய புத்தகத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் வகுத்தல் தெரியாத பிள்ளையிடம் விகிதத்தைப் பற்றி என்ன பேச முடியும்? பாடத்தை முடித்தாக வேண்டும் என்று ஓடினால் மூன்றில் ஒரு பங்கு வகுப்பு மூன்று ஆண்டும் சும்மா உட்கார்ந்திருக்கும். கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதும், குறிப்பேடு நிறைந்திருக்கும், ஆண்டாய்வில் கையெழுத்துக்குப் பாராட்டுக்கூடக் கிடைக்கும். எழுதியதில் ஒரு வரியையும் வாசிக்கத் தெரியாது. நடுநிலைப் பள்ளிகளின் பெரிய துயரம் இந்த அமைதியான பிள்ளைகள்தான்.

நாங்கள் செய்தது இதுதான். காலையில் முதல் ஒரு மணி நேரம் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் கலைத்துவிட்டோம். எழுத்து நிற்காதவர்கள் ஓர் அறை, சொல் வரை வருபவர்கள் ஓர் அறை, தடையின்றி வாசிப்பவர்கள் மரத்தடியில். எட்டாம் வகுப்புப் பையன் ஆறாம் வகுப்புப் பிள்ளையோடு உட்கார வெட்கப்படுவானே என்று சக ஆசிரியர்கள் பயந்தார்கள். முதல் வாரம் பட்டான். ஆனால் வாசிப்பு வரத் தொடங்கியதும் அந்த வெட்கத்தைக் காணோம். வாசிக்கப் பாடநூலைக் கொடுக்கவில்லை. பேருந்துப் பெயர்ப்பலகை, ரேஷன் அட்டை, விதைப் பொட்டலம், ஊராட்சி அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை. தன் தாத்தா பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் கண்டுபிடித்து வாசித்த பிள்ளை அன்று மாலை அதை வீட்டில் எத்தனை பேரிடம் வாசித்துக் காட்டியிருக்கும்! பருவத்தேர்வு வரும்போது இந்தப் பிள்ளைகள் பாடத்தில் கொஞ்சம் பின்தங்கியே இருந்தார்கள். ஆண்டு இறுதியில் எட்டிப் பிடித்தார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள்.

இதற்கு ஆள் வேண்டும். ஆறு முதல் எட்டு வரை அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஓர் ஆசிரியர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் என்பது கல்வி உரிமைச் சட்ட அட்டவணை சொல்லும் குறைந்த அளவு. கணிதம் படித்தவர் அறிவியல் நடத்துவார், தமிழ் படித்தவர் ஆங்கிலமும் நடத்துவார், அல்லது ஆங்கிலம் படித்தவர் தமிழ் நடத்துவார். மூன்று பேரில் ஒருவர் பயிற்சிக்குப் போய், இன்னொருவர் மகப்பேறு விடுப்பில் இருந்தால் மூன்று வகுப்புக்கும் ஒரே ஆள். அத்துடன் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் பணிநிரவலில் ஆசிரியர் பணியிடமே வேறு பள்ளிக்குப் போய்விடும். தனியார் பள்ளி வேன் ஒரு கொட்டாய்க்குள் புதிதாக வந்து ஐந்தாறு பிள்ளைகளை ஏற்றிச் சென்றால், அந்த ஐந்தாறு பேரோடு எங்கள் ஆசிரியரும் போய்விடுகிறார். மிச்சம் இருக்கும் பிள்ளைகள்தான் மாவட்டத்திலேயே மிக ஏழைப் பிள்ளைகள், அவர்களுக்குத்தான் ஆசிரியர் குறைகிறார். தலை எண்ணிக்கையை வைத்து ஆசிரியரை நிர்ணயிக்கும் முறை மலையடிவாரத்துச் சின்னப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்பதை எத்தனை கூட்டங்களில் சொன்னாலும் திருப்பிச் சொல்லத்தான் வேண்டும்.

கொரோனா காலம் எங்கள் வேலையை அடியோடு கலைத்தது. 2020 மார்ச்சில் ஐந்தாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது ஏழாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். ஆறாம் வகுப்பு என்ற ஒன்று அவர்களுக்கு நடக்கவே இல்லை. கல்வித் தொலைக்காட்சி ஓடியது உண்மை. ஆனால் அப்பாவும் அம்மாவும் வேலை இழந்து ஊர் திரும்பிய வீட்டில், ஆடு மேய்க்கப் போன பிள்ளை எந்த நேரத்தில் அதைப் பார்த்திருக்கும்? சில பையன்கள் பெங்களூரில் கட்டட வேலைக்குப் பழகி, கையில் காசு பார்த்து, திரும்ப வர மறுத்தார்கள். வீடு வீடாகப் போய்த்தான் அழைத்து வந்தோம்.

அந்த ஆண்டில் எங்களைக் காப்பாற்றியது இல்லம் தேடிக் கல்வித் திட்டம். அக்டோபர் 27 அன்று தொடங்கியது. மாலை ஐந்து முதல் ஏழு வரை, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, கொட்டாயிலேயே படித்த பெண்கள் தங்கள் வீட்டு வாசலில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அவர்களில் சிலர் எங்கள் பள்ளியிலேயே படித்துவிட்டு, கல்லூரி முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தவர்கள். எங்கள் வகுப்பறையில் வாய் திறக்காத பிள்ளை அக்காவிடம் வாசித்தது. யாரிடம் வாசித்தால் என்ன, வாசித்தது. அந்தப் பெண்கள் செய்த வேலைக்கு ஆயிரம் ரூபாய் மிகக் குறைவு.

தேர்ச்சியைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்ற சட்டப் பிரிவால்தான் பிள்ளைகள் படிப்பதில்லை என்று டீக்கடை வரைக்கும் பேசுகிறார்கள். ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது. அந்தச் சில மாதங்களில் எங்கள் ஊரில் நடந்ததை நான் பார்த்தேன். “பெயிலாயிட்டா மறுபடி அதே வகுப்புல எப்படி டீச்சர் உக்காருவா? பேசாம நிறுத்திடறோம்” என்று அம்மாக்கள் வந்தார்கள். எல்லாம் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள். ஓராண்டு கூடுதலாக அதே பெஞ்சில் உட்கார வைத்தால் கொம்பும் காலும் தானாகப் புரிந்துவிடாது. யாராவது சொல்லித் தந்தால்தான் புரியும். அதைத் தேர்வு செய்யாது, ஆசிரியர்தான் செய்ய வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவிய தேர்வு ஒன்று உண்டு. தேசிய வருவாய் வழி மற்றும் தகுதித் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதுவது. மனத்திறனுக்குத் தொண்ணூறு கேள்வி, படிப்புத்திறனுக்குத் தொண்ணூறு கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 6,695 பேருக்கு இடம். சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுப்போம். எண்தொடர், திசை, கடிகாரக் கோணம் என்று பிள்ளைகளுக்கு அதில் தனி ஆர்வம் வந்துவிடும்.

ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு. அத்தை மகன். வீட்டில் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அந்த நேரத்தில் தேர்வு முடிவு வந்தது. பன்னிரண்டாவது வரை பணம் வரும், அவள் பெயரில் உள்ள கணக்கிலேயே வரும் என்று நான் போய்ச் சொன்னேன். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் குற்றம் என்பதையும் 1098 என்ற எண்ணையும் சொன்னேன். அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாலு வருசம் இருக்கட்டும் டீச்சர்” என்றார். அவள் பிறகு செவிலியர் படிப்புக்குப் போனாள். சட்டத்துக்குப் பயந்தாரா, பணத்தை நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் சரி.

ஆனால் இதே தேர்வைப் பள்ளியின் தர அளவுகோலாக ஆக்குவதை நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். வாசல் பதாகையில் இரண்டு மூன்று பிள்ளைகளின் படம் இருக்கும், உள்ளே ஆறாம் வகுப்பில் ஐந்தாறு பேர் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். சிறந்த ஆசிரியரின் நேரம் முழுவதும் அந்த இரண்டு மூன்று பேருக்கே போய்விடும். பயிற்சி சனிக்கிழமைக்கு, வார நாளின் காலை வாசிப்புக்கு என்று நாங்கள் பிரித்துவைத்தது இதற்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளிக்கு வந்த அன்றிலிருந்து கீழ் வகுப்புகளின் காலை வருகையில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. தாமதமாக வரும் பிள்ளைகள் சமையல் வாசனைக்கு முன்னரே வந்து நின்றார்கள். ஆனால் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான். ஏப்ரல் வரை பள்ளியில் காலை உணவு உண்ட பிள்ளை ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் தட்டு இல்லை. தம்பி சாப்பிடுவான், அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். பகலில் சத்துணவும் முட்டையும் எட்டாம் வகுப்புக்கும் உண்டு, அதுவரை தாங்க வேண்டும். மூன்று கிலோமீட்டர் நடந்து வந்த பதினொரு வயதுப் பிள்ளை வெறும் வயிற்றோடு காலை முதல் மணியில் எழுத்துக் கூட்டுகிறது. வாசிப்பு வரவில்லை என்று சொல்வதற்கு முன் அதன் வயிற்றைக் கேட்க வேண்டும். ஒரே வளாகம், ஒரே அடுப்பு. எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்க என்ன தடை?

ஆறாம் வகுப்பு இப்போது வேறொரு விதத்திலும் முக்கியமாகிவிட்டது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை எல்லாவற்றுக்கும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தது கணக்கில் வரும். ஐந்தாம் வகுப்போடு வேனில் ஏற்றிவிடும் பெற்றோர் சிலர் இதனால் எங்களிடம் நின்றார்கள். 2025-26இல் அரசே ‘திறன்’ என்ற பெயரில் ஆறு முதல் ஒன்பது வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறது. எங்கள் காலை மணி நேரம் எல்லாப் பள்ளிக்கும் போனதுபோல எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதற்கும் ஆள் வேண்டும், அதுவும் பட்டியலை நிரப்புவதாக மாறிவிடக் கூடாது.

இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் வாசலைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பிள்ளை அங்கே படித்தால் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். கட்டடத்தையும் சுற்றுச்சுவரையும் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் தடையின்றி வாசிக்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். எட்டாம் வகுப்பு முடிவைக் கேட்க வேண்டாம், அதற்குள் காலம் கடந்திருக்கும். பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் கிராம சபைக்கு நீங்கள் போகலாம். காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்கவும், இருக்கும் ஆசிரியரை எண்ணிக்கை குறைந்ததற்காக எடுத்துவிடாமல் இருக்கவும் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள்.